நாலாவது தசமம்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் கணக்கக்கா. பெயர் வைத்தவர் யாரென்று யாருக்கும் நினைவில்லை, மாற்றலாகிப் போயிருப்பார். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. வாசல் காவலாளியிலிருந்து மேலாளர் வரை, அவள் காது கேட்காத தூரத்தில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். அவளுக்கும் தெரியும். கோபித்துக்கொள்ளத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

தொலைபேசித் துறையின் தலைமை அலுவலகத்தில் அவளுக்கு மேல்மாடி. லிஃப்ட் பாதி நாள் படுத்துவிடும். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்து, நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தால், நேற்று விட்ட இடத்தில் எல்லாம் அப்படியே காத்துக்கொண்டிருக்கும். எக்ஸ்சேஞ்சுகள் புள்ளிகளாக, அவற்றை இணைக்கும் கேபிள்கள் கோடுகளாக. புதிதாக வருகிறவர்கள் "சிலந்தி வலை மாதிரி இருக்கே" என்பார்கள். அவளுக்கு அது பல வருடம் குடித்தனம் நடத்திய வீடு. எந்தக் கதவு கிறீச்சிடும், எந்தச் சுவர் ஒழுகும் என்று பார்க்காமலே சொல்வாள்.

அவள் வேலை என்னவென்று கேட்டால் ஒரு வரியில் சொல்லிவிடலாம். இந்த வலை எவ்வளவு நம்பகமானது என்று ஓர் எண் கொடுக்க வேண்டும். கேட்பதற்குச் சுலபம். உட்கார்ந்து போட்டால்தான் தெரியும் அது எப்படிப்பட்ட பேய் என்று. ஒவ்வொரு கேபிளும் ஒன்று வேலை செய்யும், இல்லை அறுந்திருக்கும். ஒரு கேபிள் கூடினால் யோசிக்க வேண்டிய நிலைமைகள் இரட்டிப்பாகும். பத்து கேபிளுக்கு ஆயிரத்துச் சொச்சம். இருபதுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல். சில நூறைத் தாண்டிவிட்டால், உலகத்திலிருக்கும் கம்ப்யூட்டரையெல்லாம் சேர்த்துக் கட்டி ஓட்டினாலும் சூரியன் அணைவதற்குள் முடியாது. அதனால் யாரும் எல்லா நிலைமையையும் பார்ப்பதில்லை. குலுக்கிப் பார்ப்பார்கள். நகரத்துக்கு அடியில் புதைந்த கேபிள் அபூர்வமாக அறும், ஆற்றங்கரையில் போவது அடிக்கடி அறும் என்று ஒவ்வொன்றின் ஜாதகத்தையும் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிட்டால், அது ஒவ்வொன்றுக்கும் தாயம் உருட்டி, சிலவற்றை அறுத்து, மிச்சத்தில் யார் யாரோடு பேச முடிகிறது என்று பார்க்கும். பிறகு எல்லாவற்றையும் ஒட்டிவிட்டு மறுபடி உருட்டும். லட்சக்கணக்கான தடவை. கடைசியில், சராசரியாக நூறு சந்தாதாரரில் எத்தனை பேருக்கு லைன் இருந்தது என்று ஓர் எண் வந்து விழும்.

அந்த எண்ணைத்தான் துறை தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. வருடாந்திர அறிக்கையின் முதல் பக்கத்தில் அது பெரிய எழுத்தில் வரும். எத்தனை தலை என்பதுதான் கணக்கு, எத்தனை ஊர் என்பதல்ல. இது அவளுக்கு முதலிலிருந்தே தெரியும். தெரிந்த விஷயங்கள் எத்தனையோ இருந்தன. எல்லாவற்றையும் தினமும் சொல்லிக்கொண்டிருந்தால் பிழைப்பு நடக்குமா?

வெயில் காலத் தொடக்கத்தில் புது மேலாளர் அவளைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். வீட்டில் கைக்குழந்தை, கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடுதான் வருவார்.

"மேடம், மலை மேல போற பழைய லைன் மூணு இருக்குல்ல? மூணையும் வச்சுக் காப்பாத்த ஆள் இல்ல. கம்பம் எல்லாம் உளுத்துப் போச்சு. போன வருஷம் ரெண்டு லைன்மேன் மேலேர்ந்து விழுந்துட்டாங்க, ஒருத்தர் இன்னும் எழுந்திருக்கல. சங்கத்துல அழுத்துறாங்க, அவங்க சொல்றதும் நியாயம்தான். ஒண்ணை விட்டுடலாம்னு இருக்கோம். எதை விட்டா பாதிப்பு கம்மின்னு பாத்துச் சொல்லுங்க."

"பாக்கறேன் சார்," என்றாள்.

இடத்துக்கு வந்து மூன்று லைன்களின் பெயரையும் பார்த்தாள். மூன்றாவது லைன் மேட்டைத் தாண்டி ஒரு பள்ளத்தாக்குக்குள் இறங்குவது. அந்தப் பள்ளத்தாக்கில்தான் அவள் தம்பி இருந்தான். டிராக்டர் மெக்கானிக். மணம் முடித்து அங்கே போய் ஒரு கொட்டகை போட்டு உட்கார்ந்தவன், அங்கேயே வேர்விட்டுவிட்டான். அந்த ஊருக்கு வெளியுலகத்தோடு இரண்டு தொடர்புகள்: ஆற்றோரச் சாலையில் போகும் கேபிள் ஒன்று, மேட்டுக்கு மேல் போகும் இந்தப் பழைய லைன் ஒன்று. செல்போன் காற்றில் போகிறது என்றுதான் ஊர் நினைக்கிறது. டவர் வரைக்கும்தான் காற்று. அதற்கப்புறம் அதுவும் அந்தக் கேபிளில்தான் போக வேண்டும்.

கணக்கை ஓட்டினாள். முதல் லைனை எடுத்தால் எண் கண்ணுக்குத் தெரிகிற அளவு சரிந்தது. இரண்டாவதை எடுத்தாலும் அப்படியே. மூன்றாவதை எடுத்தபோது ஆடவே இல்லை. புள்ளிக்குப் பின்னால் நாலாவது தசமத்தில் ஒன்று குறைந்தது. பள்ளத்தாக்கில் இருந்த தலைகள் அவ்வளவுதான்.

நம்பாமல் இன்னொரு முறை ஓட்டினாள். பிறகு வேறு விதமாகவும் பார்த்தாள்: எந்த ஊரைத் துண்டிக்கக் குறைந்தபட்சம் எத்தனை கேபிள் அறுந்தால் போதும் என்று கேட்கும் முறை. மூன்றாவது லைன் போய்விட்டால் பள்ளத்தாக்குக்கு விடை ஒன்று. ஒரே ஒரு கேபிள். அதுவும் ஆற்றோரம்.

இதைச் சொல்லியிருக்க வேண்டும். வேறு எந்த ஊராக இருந்தாலும் சொல்லியிருப்பாள். "மொத்தக் கணக்கு நல்லாத்தான் இருக்கு சார், ஆனா ஒரு ஊர் ஒத்தைக் கயித்துல தொங்கும்" என்று சொல்வதற்கு எவ்வளவு நேரமாகும்? ஆனால் வாயைத் திறந்தால், அக்காக்காரி தம்பி ஊருக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்று யாராவது சொல்வார்கள். இத்தனை வருடத்தில் அவள் சம்பாதித்தது ஒன்றே ஒன்று. கணக்கக்கா கொடுத்தால் கணக்கு நேராக இருக்கும் என்ற பேச்சு. அதில் கறை படக்கூடாது என்று நினைத்தாள். நேராக நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டு மறுபக்கம் சாய்ந்தாள்.

கூட்டத்தில் எண்களைப் படித்தாள். மேலாளர் கேட்டார்: "வேற ஏதாவது சொல்லணுமா மேடம்?"

"இல்ல சார்."

அவ்வளவுதான். டீ வந்தது. அடுத்த விஷயத்துக்குப் போனார்கள்.

வீட்டுக்கு வந்தபோது கணவர் பின்னறையில் பல்செட் தேய்த்துக்கொண்டிருந்தார். ஊரிலிருக்கும் பல் மருத்துவர்களுக்கெல்லாம் அவர்தான் செய்து கொடுப்பார். மேசை முழுக்க யார் யாருடைய சிரிப்போ பரவிக் கிடக்கும். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"மச்சான்கிட்ட சொன்னியா?"

"என்னன்னு சொல்றது? உன் ஊரு லைன் தேவையில்லன்னு நான்தான் எழுதிக் குடுத்தேன்னா?"

"அப்படித்தான் சொல்லணும். இல்லன்னா வேற யாராவது சொல்லுவாங்க. அது இன்னும் நாராசமா இருக்கும்."

"பாக்கலாம்," என்றாள். பார்க்கவில்லை. நாள் தள்ளிக்கொண்டே போனது.

வெயில் முடிவதற்குள் கம்பங்களைப் பிடுங்கிவிட்டார்கள். தம்பியே போனில் சொன்னான். "அக்கா, மேட்டு மேல உங்க ஆளுங்க வந்து கம்பத்தையெல்லாம் எடுத்துட்டுப் போறாங்களே? புதுசா ஏதாவது போடப் போறாங்களா?"

"தெரியலடா. கேட்டுப் பாக்கறேன்."

சொல்லிவிட்டு, துணி காயப்போட வேண்டும் என்று போனை வைத்தாள். காயப்போடத் துணி ஒன்றும் இல்லை.

மழை வழக்கத்தைவிட முன்னாலேயே வந்தது, வந்தது நிற்கவுமில்லை. ஒரு காலையில் அவள் திரையைத் திறந்தபோது பள்ளத்தாக்கின் புள்ளி சாம்பல் நிறமாகியிருந்தது. ஆறு சாலையை வாரிக்கொண்டு போயிருந்தது, சாலையோடு கேபிளையும். டவர் நின்றுகொண்டுதான் இருந்தது, ஆனால் ஊமை. தம்பியின் எண்ணைப் போட்டாள். தொடர்பு எல்லைக்கு அப்பால் என்று ஒரு பெண் குரல் இனிமையாகச் சொன்னது. மதியம் போட்டாள். மறுநாளும் போட்டாள். பழுதுபார்க்கும் பிரிவுக்குப் போய் நின்றாள். "தண்ணி இறங்காம யாரு போவாங்க அக்கா?" என்றார் அங்கிருந்த மேஸ்திரி. அவரும் இரண்டு நாளாக வீட்டுக்குப் போகாதவர். அவரிடம் சண்டை போட முடியவில்லை.

அந்த வாரத்து அறிக்கையை அவளே தயாரிக்க வேண்டியிருந்தது. எண் பிரமாதமாக இருந்தது. இலக்கைத் தாண்டியிருந்தார்கள். அவள் அதைத் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, அனுப்பினாள்.

பிறகு தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு. தம்பி. பள்ளத்தாக்குக்கு வெளியே இருந்த பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து யாருடைய போனையோ வாங்கிப் பேசினான்.

"அக்கா, அவ விழுந்துட்டா. கொட்டகைப் பரண்ல தண்ணி இறங்குதுன்னு ஏறினா, ஏணி வழுக்கிடுச்சு. இடுப்பெலும்பு. நீ வா."

அவளும் கணவரும் கிடைத்த பஸ்ஸில் போனார்கள். சுற்றுவழி. கதையை அங்கே போய்த்தான் முழுதாகக் கேட்டார்கள். தம்பி பெண்டாட்டி காலையில் விழுந்தாள். தம்பி போனை எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் ஓடிப் பார்த்தான். எவன் போனிலும் ஒரு சிக்னல் கோடு இல்லை. ஒரு வார்த்தை போயிருந்தால் மேட்டின் அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் வந்து நின்றிருக்கும். வார்த்தை போக வழியில்லை. கடைசியில் ஒரு கதவைக் கழற்றி அவளைப் படுக்க வைத்துக் கட்டி, டிராக்டர் டிரெய்லரில் ஏற்றி, காட்டுத் தடத்தில் ஊர்ந்து வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு குழிக்கும் அவள் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது என்றான். வந்து சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. தாமதத்தில் எலும்பு இன்னும் விலகிவிட்டது, பழையபடி நடப்பாள் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரி நடையில் ஒரு மர பெஞ்சு. ஃபினாயில் வாடை. கணவர் டீ வாங்குகிற சாக்கில் கீழே போய்விட்டார். தம்பி சட்டையெல்லாம் சேறோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். கம்பம் பிடுங்க வந்த ஆளுங்கள்ல ஒருத்தன் அப்பவே சொன்னான். தலைமை ஆபீஸ்ல கணக்கு போட்டுத்தான் இந்த லைனை எடுக்கறாங்கன்னு. நான் பெருசா எடுத்துக்கல. அந்தக் கணக்கு யாரு போட்டது?"

"நான்தான்டா."

எதிரே ஒரு நர்ஸ் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். அதன் ஒரு சக்கரம் திரும்பாமல் இழுபட்டது. அது மூலை திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் கேட்டப்ப தெரியலன்னியே."

"ஆமா."

"சரி. அந்தக் கணக்குல எங்க ஊரு எங்க இருந்துச்சு? இருந்துச்சா?"

"இருந்துச்சு. நாலாவது தசமத்துல."

அவன் மெக்கானிக். நூலிழை அளவு இடைவெளி எஞ்சினை என்ன பாடு படுத்தும் என்று தெரிந்தவன். விளக்கம் கேட்கவில்லை. "நாலாவது தசமம்," என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டான். பிறகு எழுந்து வார்டுக்குள் போனான். கதவை மெதுவாகத்தான் சாத்தினான். ஓங்கி அறைந்திருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

கொஞ்ச நேரம் கழித்து அவளும் உள்ளே போனாள். தம்பி பெண்டாட்டி மருந்து மயக்கத்தில் இருந்தாள். கண்ணைத் திறந்து, "அண்ணி, அவர் எதாவது சொல்லிட்டாரா?" என்றாள்.

"சொல்லலம்மா. சொல்லியிருந்தா நல்லாயிருக்கும்."

"எனக்கு ஒண்ணும் புரியல அண்ணி, உங்க கணக்கு. ஏணியைப் பிடிக்க ஆளில்லாம ஏறினது நான்தானே."

அப்படிச் சொன்னாளே தவிர, அண்ணியின் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. கை போர்வைக்குள்ளேயே இருந்தது.

திரும்பி வந்த பிறகு அவள் எப்போதும்போல வேலைக்குப் போனாள். அதிரடியாக எதுவும் செய்துவிடவில்லை. ராஜினாமா செய்வதைப் பற்றி யோசித்தாள். ஓய்வூதியம் நினைவுக்கு வந்தது, அதைவிட, தான் போனால் அந்த நாற்காலியில் உட்கார்கிறவரும் அதே எண்ணைத்தான் கொடுப்பார் என்பது நினைவுக்கு வந்தது. உட்கார்ந்து மறுபடி குலுக்கத் தொடங்கினாள். இந்த முறை தலைகளை எண்ணவில்லை. ஒவ்வொரு குலுக்கலிலும் எந்த ஊர் தனித்துப் போகிறது, எத்தனை தடவை தனித்துப் போகிறது என்று ஊர் ஊராக எண்ணினாள். இன்னொரு கோளாறும் கண்ணில் பட்டது. ஒவ்வொரு கேபிளும் தன்பாட்டுக்கு அறும் என்று வைத்துத்தான் தாயம் உருட்டிக்கொண்டிருந்தார்கள். ஆறு பெருகினால் கரையோரக் கேபிளெல்லாம் ஒன்றாகத்தானே போகும்? அதையும் சேர்த்தபோது, பளபளவென்று இருந்த அந்தப் பெரிய எண்ணுக்கு அடியில் ஏகப்பட்ட ஊர்கள் தொங்கிக்கொண்டிருந்தன. தம்பியின் ஊர் அதில் ஒன்று. இருப்பதிலேயே மோசமானதுகூட அல்ல.

அடுத்த கூட்டத்தில் மற்றவர்கள் பேசி முடித்ததும் அவள் எழுந்தாள்.

"சார், முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். அந்தப் பள்ளத்தாக்குல என் கூடப்பிறந்தவன் இருக்கான். மழையில அவன் பெண்டாட்டிக்கு இடுப்பு போச்சு. இதைத் தெரிஞ்சுக்கிட்டே நான் சொல்றதைக் கேளுங்க. போன தடவையே சொல்லியிருக்கணும். என் ஊருக்காகப் பேசறேன்னு நினைப்பீங்களேன்னு வாயை மூடிக்கிட்டேன்."

அவள் படத்தைக் காட்டினாள். சராசரி நன்றாக இருக்கும்போதே ஓர் ஊர் எப்படி மொத்தமாக மூழ்கலாம் என்று காட்டினாள். நிதிப் பிரிவுத் தலைவர், "எல்லா ஊருக்கும் ரெண்டு லைன் போடணும்னா நடக்கிற காரியமா?" என்றார். "நடக்காது சார். எது தொங்குதுன்னாவது தெரிஞ்சுக்கிட்டுத் தொங்கட்டும்," என்றாள். கொஞ்சம் கூர்மையாகவே வந்துவிட்டது. மேலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அன்னிக்கு நான் கேட்டேனே மேடம்," என்றார். குற்றம் சாட்டும் குரலில் இல்லை. அவரும் அந்த ஊரை மழையில் நினைத்துக்கொண்டிருந்திருப்பார் போலிருந்தது.

"கேட்டீங்க சார்," என்றாள்.

முடிவு அரைகுறையாகத்தான் வந்தது. அறிக்கையில் அந்தப் பெரிய எண் அப்படியே இருக்கும். அதற்குக் கீழே மிக மோசமாக இருக்கும் ஊரின் எண்ணும் இனி வரும். சின்ன எழுத்தில். பள்ளத்தாக்குக்கு மேட்டின் மேல், கேபிள் இல்லாமல் காற்றிலேயே பேச்சை அனுப்பும் ஒரு ரேடியோ கிண்ணம் வைக்க ஒப்புக்கொண்டார்கள். கம்பமும் வேண்டாம், ஆளும் ஏற வேண்டாம். ஒப்புக்கொண்டது வந்து சேருவதற்குள் அவள் எத்தனை மேசையில் போய் நின்றிருப்பாள், எத்தனை பேரிடம் பல்லைக் காட்டியிருப்பாள்! கடைசியில் அடுத்த மழைக்குக் கொஞ்சம் முன்னால் கிண்ணம் ஏறியது.

அதுவரை தம்பி அவளிடம் பேசவில்லை. ஆற்றோரக் கேபிளைச் சரிசெய்த பிறகு அவள் போன் செய்தால் அவன் பெண்டாட்டிதான் எடுப்பாள். கைத்தடியோடு நடக்கிறேன், சமையலறைக்குள் தடியில்லாமலும் போவேன் என்று சொல்வாள். "அவர் கொட்டகையில இருக்கார் அண்ணி" என்பாள். சில சமயம் பின்னால் அவன் இருமுவது கேட்கும்.

கிண்ணம் வேலை செய்கிறதா என்று பார்க்கும் ஆளோடு தானும் வருவதாக அவள் துறையில் சொல்லிவைத்தாள். கேட்டால் ஆய்வு என்று சொல்லிக்கொள்ளலாம். ஜீப்பில் மேட்டுக்குப் போய், கிண்ணத்தைச் சுற்றியிருந்த கம்பிவேலியில் யாரோ துணி காயப்போட்டிருப்பதைப் பார்த்தாள். ஆற்றோரக் கேபிளின் இணைப்பைக் கீழே துண்டித்துப் பார்த்தார்கள், அப்போதும் போன் பேசியது. கூட வந்தவர் கையெழுத்துப் போட்டுவிட்டு ஜீப்போடு போய்விட்டார். அவள் இறங்கி நடந்தாள். இறக்கத்தில் முழங்கால் உயிரை எடுத்தது.

தம்பி கொட்டகை வாசலில் ஒரு டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தான். கால்கள்தான் வெளியே தெரிந்தன. அவள் செருப்பைப் பார்த்தே கண்டுபிடித்திருக்க வேண்டும்.

"நடந்தா வந்த?"

"ஆமா."

"பைத்தியமா உனக்கு? ஒரு போன் பண்ணியிருந்தா வண்டி எடுத்துட்டு வந்திருப்பேன்ல?"

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது போலிருந்தது. பிறகு ஸ்பேனர் திருகும் சத்தம் தொடர்ந்தது. "உள்ள போய் உக்காரு. இதை முடிச்சுட்டு வரேன்," என்றான்.

உள்ளே தம்பி பெண்டாட்டி தடியை ஊன்றி வந்து தண்ணீர் கொடுத்தாள். ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்தாள். அந்த நடையைப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை. கணக்கக்கா ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தாள். மத்தியானக் காற்று வந்தது. ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். ஊருக்கு இன்னும் ஒரு வழி வேண்டும், இந்தக் கிண்ணத்துக்கும் மின்சாரம் ஆற்றுப் பக்கத்திலிருந்துதான் வருகிறது, அதையும் பார்க்க வேண்டும், இந்த மாதிரி இன்னும் எத்தனையோ ஊர் பாக்கி என்று. பாதியில் வார்த்தை குழறியது. எப்போது கண் சொக்கியது என்று தெரியவில்லை.

யாரோ அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்கள். தூக்கத்தின் விளிம்பில் இரண்டு குரல்கள் கிசுகிசுத்துச் சண்டை போட்டன.

"எழுப்புங்க, சாப்பிடாம தூங்கறாங்க."

"விடு, தூங்கட்டும். மூஞ்சியப் பாரு, எத்தன நாளா தூங்கலயோ."

"சோறு ஆறிடும்."

"ஆறட்டும். நான் திரும்ப சுட வைக்கறேன்."

இவன் எப்போதிருந்து அடுப்படிக்குள் போகிறான் என்று கேட்க நினைத்தாள். கேட்பதற்கு வாய் எழவில்லை. அப்படியே தூங்கிப் போனாள்.